கப்பல் ஒன்று, கை இரண்டு: கேலக்ஸி டிரக்கரில் நாங்கள் போட்டுப் பார்த்த விதிகள்

சனிக்கிழமை சாயங்காலம் மொரீஷியஸில் எங்கள் வீட்டில் ஆறு பேர் சேருவோம், கேலக்ஸி டிரக்கர் என்ற பலகை விளையாட்டு ஆட. நான், மனைவி, பதினைந்து வயது மகன், எழுபதைத் தாண்டிய அத்தை (மனைவியின் அம்மா), அப்புறம் ரோஸ் ஹில்லிலிருந்து மச்சினனும் அவன் மனைவியும். பெட்டிக்குள் இருப்பதோ நான்கு கப்பலுக்கான ஆட்டம். ஆள் அதிகம், பலகை குறைவு, இதுதான் பிரச்சினை என்று நினைத்துத்தான் விதிகளை மாற்ற ஆரம்பித்தோம். இரண்டு மாதம் கழிந்துதான் பிரச்சினை அது இல்லை என்று தெரிந்தது. என்ன செய்தோம், எது உருப்பட்டது, எது உருப்படவில்லை, எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். பல வயது ஆட்களோடு இதை ஆடுகிறவர்களுக்கு உதவும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். கேலக்ஸி டிரக்கர் செக் நாட்டு விளாடா ஹ்வாட்டில் வடிவமைத்தது, செக் கேம்ஸ் எடிஷன் 2007-இல் வெளியிட்டது. 2021-இல் புதுப்பதிப்பு ஒன்று வந்தது. எங்களிடம் இருப்பது பழையது, மூன்று சுற்று ஓடுவது. மேசை நடுவே அட்டை டைல்கள் கவிழ்ந்து குவிந்து கிடக்கும். என்ஜின், பீரங்கி, கேபின், சரக்கு அறை, பேட்டரி, கேடயம் என்று ஒவ்வொன்றும் ஒரு பாகம். எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரு கையால் மட்டும், ஒன்றொன்றாக எடுத்து, தன் பலகைக்கு மேலே கொண்டுவந்த பிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். பிடித்தால் பொருத்து, பிடிக்காவிட்டால் முகம் தெரிய நடுவில் திருப்பி வை. அடுத்த டைலை எடுத்த நொடியில் முந்தையது பற்றவைத்த மாதிரி, அப்புறம் நகர்த்த முடியாது. பக்கத்தில் மணல் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து பறப்போம், கார்டுகள் ஒவ்வொன்றாக வரும். விண்கல் மழை, கொள்ளையர், கைவிடப்பட்ட கப்பல், சரக்கு ஏற்றக் கிரகங்கள் எல்லாம் அதில் உண்டு. நாம் கட்டியது எங்கே பலவீனமோ அங்கேதான் அடி விழும், துண்டு துண்டாகக் கழன்று போகும். கடைசியில் கையில் ஒரு கிரெடிட் (ஆட்டத்தில் பணம்) மிஞ்சினாலே நீயும் ஜெயித்தவன்தான் என்று விதிப்புத்தகமே சொல்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த வரி அது.

ஆறு பேரில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து பார்ப்பது என்று முறை வைத்துத்தான் தொடங்கினோம். முதல் நாளே தெரிந்துவிட்டது. மகன் கை மின்னல். கப்பலை முடித்து, பறக்கும் வரிசையில் முதல் நம்பரை எடுத்துவிடுவான், கப்பலை முடித்தவர்தான் கடிகாரத்தைக் கடைசித் தடவை திருப்பலாம் என்பதால் அதையும் உடனே திருப்பிவிடுவான், அந்த மணல் இறங்கினால் எல்லாருக்கும் கட்டுவது முடிந்தது. அத்தைக்கு முன்னால் அப்போது எட்டோ ஒன்பதோ டைல்தான் இருக்கும். இரண்டு என்ஜின், ஒரு கேபின், பீரங்கியே இல்லை. பறக்க ஆரம்பித்து நாலாவது கார்டில் அவர் ஆட்டத்துக்கு வெளியே. பிறகு முக்கால் மணி நேரம் அவரும் பார்வையாளர். பலகை கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் ஒரே கதி. அத்தை புகார் ஒன்றும் சொல்லவில்லை, கத்தோ பிமான் (இங்கத்துப் பருப்பு வடை) பொரிக்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் அது உறுத்தியது.

முதல் மாற்றமாக மணல் கடிகாரத்தை எடுத்துவிட்டோம். எல்லாரும் நிதானமாகக் கட்டட்டும், யாருக்கும் அவசரம் வேண்டாம். நல்ல எண்ணம்தான். ஆனால் கட்டுவதற்கே அரை மணி நேரம் பிடித்தது, நடுவில் முகம் தெரியக் கிடந்த டைல்களில் ஒவ்வொருவரும் தேவையானதைத் தேடித்தேடி எடுத்தார்கள், கடைசியில் நான்கு கப்பலும் பொட்டுக்குறை இல்லாமல் நின்றன. பறந்தோம். ஒன்றும் உடையவில்லை. விண்கல் வந்தது, பட்டுத் தெறித்தது, அடுத்த கார்டு. இந்த ஆட்டத்தில் பறக்கும்போது வரும் படபடப்பு முழுக்கக் கட்டும்போது விட்ட தவறிலிருந்து வருவது. அவசரத்தை எடுத்தால் தவறு போகும், தவறு போனால் கார்டுகளுக்கு வேலை இல்லை. அத்தையே சொன்னார், "மாப்பிள்ளை, இது ஸ்வெட்டர் பின்னுற மாதிரி இருக்கு. அதைத் தனியா உட்கார்ந்தே பின்னலாமே." அன்றோடு கடிகாரம் மேசைக்குத் திரும்பி வந்தது, அதற்கப்புறம் அதை நாங்கள் தொடவே இல்லை.

அடுத்தது வேகக்காரனுக்குக் கடிவாளம். முதல் டைலைப் பொருத்தியதும் மகன் கையைக் கட்டிக்கொண்டு மணல் ஒரு தடவை முழுசாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று வைத்தோம். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது, விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடிவாளம் போட நினைக்கிற எல்லாரும் இங்கேதான் வழுக்குவார்கள். பறக்கும்போது வரப்போகும் கார்டுகள் நான்கு கட்டாக அடுக்கியிருக்கும். அதில் மூன்று கட்டைக் கட்டும் நேரத்திலேயே எடுத்துப் பார்க்கலாம், குறைந்தது ஒரு டைலைப் பொருத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இரண்டாம் சுற்றில் கட்டுக்கு மூன்று கார்டு, மொத்தம் 12. ஆக மூன்று கட்டையும் பார்த்தவனுக்கு 12-இல் 9 தெரியும். சாதாரணமாக யாருக்கும் அதற்கு நேரம் இருக்காது, ஒரு கட்டை அவசரமாகப் புரட்டுவதோடு சரி. நாங்கள்தான் மகனுக்கு அந்த நேரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டோம். அவன் ஒன்பது கார்டையும் படித்தான், வலதுபக்கத்திலிருந்து பெரிய விண்கல் வருவதையும் கொள்ளையர் பலம் எவ்வளவு என்பதையும் மனப்பாடம் செய்தான், கை அவிழ்ந்ததும் அதற்கென்றே ஒரு கப்பல் கட்டினான். அன்று அவன் ஜெயித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஜெயித்ததில்லை. கட்டுகளைப் பார்க்கக் கூடாது என்று இன்னொரு விதி சேர்க்கலாம்தான். ஆனால் ஒரு விதியை அடைக்க இன்னொரு விதி, அதை அடைக்க மூன்றாவது என்று போனால் அது தண்டனையாகிவிடும், பதினைந்து வயதுப் பையனை வேகமாக இருப்பதற்காகத் தண்டிக்க எனக்கு மனசில்லை.

இரண்டும் தோற்ற பிறகுதான் மச்சினன் மனைவி கேட்டாள், "ஏன், ரெண்டு ரெண்டு பேரா ஒரு கப்பலைக் கட்டினா என்ன?" ஆறு பேர், மூன்று கப்பல். யாரும் வெளியே உட்கார வேண்டாம். முதலில் ஆளுக்கு ஒரு கை என்று விட்டோம், இரண்டு பேரும் எடுக்கலாம், இரண்டு பேரும் பொருத்தலாம். கூச்சல்தான். நானும் மனைவியும் ஒரே இணைப்பை (டைலின் ஓரத்தில் அடுத்த டைல் சேரும் இடம்) மனதில் வைத்து ஆளுக்கொரு என்ஜினோடு வந்து நின்றோம். மச்சினன் தம்பதி பேட்டரியில் ஓடும் இரட்டை என்ஜினாகவே மூன்று எடுத்துவிட்டார்கள், பேட்டரியை மற்றவர் எடுப்பார் என்று இருவரும் நம்பியதில் கப்பலில் ஒரே ஒரு பேட்டரிப் பெட்டி. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற உணர்வு வரவில்லை. இரண்டு பேர் ஒரே பலகையில் தனித்தனியாக ஆடினோம்.

அடுத்த வாரம் வேலையைப் பிரித்தோம். ஒருவர் எடுப்பவர், மற்றவர் பொருத்துபவர். எடுப்பவர் நடுக்குவியலிலிருந்து ஒரு கையால் ஒரு டைலை எடுத்துவந்து கப்பலின் மேல் திருப்பிக் காட்டுவார், அவ்வளவுதான் அவர் வேலை. அதை எங்கே வைப்பது, திருப்பி அனுப்புவதா என்று பொருத்துபவர்தான் சொல்வார். பொருத்துபவர் குவியலைத் தொடக் கூடாது, எடுப்பவர் கப்பலைத் தொடக் கூடாது. கார்டுக் கட்டுகளை எடுப்பவர் மட்டும் பார்க்கலாம். பார்த்ததை வாயால் சொல்லலாம், ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டைல் வராது. சுற்றுக்குச் சுற்று வேலையை மாற்றிக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

இதில்தான் ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வேன். அத்தை பொருத்துபவர், பேரன் எடுப்பவர். அவன் கை குவியலுக்கும் பலகைக்கும் நடுவே பறக்கும், அத்தை கப்பலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அவசரம் வந்தால் வாயில் கிரியோல்தான் வரும். "லெஸ் லி, லெஸ் லி" என்றால் விடு, திருப்பி வை. "ப்ரான்" என்றால் எடுத்துக்கொள்வோம். அந்த இரண்டு சொல்லில் ஒரு சுற்று முழுக்க ஓடும். ஒருமுறை அவன் மூன்று பக்கமும் இணைப்பு நீட்டிய கேபின் ஒன்றைக் காட்டினான். ஆள் ஏற்ற வசதியான டைல், நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருப்பேன். அத்தை அதை நகத்தால் தட்டி, "மூணு பக்கமும் வாசலைத் திறந்து போட்டிருக்கு, மூடுறதுக்கு நீ எங்கே போவே தம்பி? லெஸ் லி" என்றார். தனியாக ஆடும்போது அவருக்கு ஆட்டமே புரியவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது அநியாயம். எங்களைவிட நன்றாகவே புரிந்திருந்தது. கைதான் அந்த வேகத்துக்கு ஓடவில்லை.

அவர் கட்டும் விதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1960-இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டே மாதத்துக்குள் இரண்டு புயல் இந்தத் தீவை அடித்தபோது அவருக்கு எட்டு வயது. மரமும் தகரமுமான வீடு. கரோலில் கதவின் ஒரு கீல் விட்டதும் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லியிருக்கிறார். அவர் கப்பலில் திறந்த இணைப்பே, அதாவது எதோடும் சேராமல் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பே, இருக்காது. சின்னதாக இருக்கும், சரக்கு அறை குறைவாக இருக்கும், ஆனால் நாலு பக்கமும் மூடியிருக்கும். இந்த ஆட்டத்தில் அதற்கு நேரடிப் பலன் உண்டு: சின்ன விண்கல் மூடிய பக்கத்தில் பட்டால் தெறித்துப் போய்விடும், திறந்த இணைப்பில் பட்டால்தான் கேடயத்துக்குப் பேட்டரி செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் டைல் போகும். திறந்த இணைப்பு மிகக் குறைவாக உள்ள கப்பலுக்கு அழகுப் பரிசும் கிடைக்கும். அத்தை அதை எங்களிடமிருந்து வரிசையாக வாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அணிமுறை ஒரு புயல் நாளில் பிறந்தது. 2024 ஜனவரி 15, பெலால். போர்ட் லூயி தெருக்களில் வெள்ளத்தில் கார்கள் மிதந்துபோவதைப் போனில் பார்த்துவிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் பேசி எல்லாரும் பத்திரம் என்று உறுதியான பிறகுதான் மனசு கொஞ்சம் அடங்கியது. மச்சினன் குடும்பம் ரோஸ் ஹில்லிலேயே, நாங்கள் நான்கு பேர் இங்கே காத்ர் போர்னில், ஜன்னல் பலகைகளை அடித்துவிட்டு உள்ளே. கரண்ட் இல்லை, சார்ஜ் விளக்கு மட்டும். நான்கு பேர் என்றால் நான்கு கப்பல் ஓட்டலாம், ஆனால் அத்தையைப் பழையபடி தனியாக விட யாருக்கும் விருப்பமில்லை. அதனால் ஆளுக்கொரு கப்பல், இரண்டு இரண்டு கப்பல் ஒரு அணி: அத்தையும் பேரனும் ஒரு பக்கம், நானும் மனைவியும் மறுபக்கம்.

அணியின் பணத்தை எப்படி எண்ணுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் இரண்டு பேர் பணத்தையும் கூட்டினோம். மகன் வழக்கம்போல முதலில் முடித்தான், சரக்கை அள்ளினான், அத்தை கப்பல் பாதிவழியில் நின்றது, ஆனாலும் கூட்டினால் அவர்கள் முன்னால். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, அதை அவரும் உணர்ந்தார். இரண்டாவது ஆட்டத்தில் மனைவி ஒரு யோசனை சொன்னாள்: இருவரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அதுதான் அணியின் பணம். ஒருவரிடம் 40 இருந்து மற்றவரிடம் 9 இருந்தால் அணிக்கு 9.

மகன் ஆடும் விதமே மாறிவிட்டது. சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். வழக்கமான விதிப்படி ஒவ்வொருவரும் இரண்டு டைல் வரை பலகையின் மூலையில் ஒதுக்கிவைக்கலாம், பயன்படுத்தாவிட்டால் அவை இழந்த டைலாகக் கணக்காகும். அந்த இரண்டில் ஒன்றைக் கூட்டாளிக்கு நீட்டலாம், அவர் வேண்டாமென்றால் அது நடுவில் முகம் தெரியப் போய்விடும் என்று அன்று சேர்த்திருந்தோம். அவன் கப்பல் முடிந்துவிட்டது. நம்பரை எடுத்தால் முதல் இடம் அவனுக்கு. ஆனால் நம்பரை எடுத்தால் அவன் கட்டுமானம் முடிந்தது, பாட்டிக்கு எதுவும் கொடுக்க முடியாது. விளக்கொளியில் அவன் ஒரு பேட்டரியை விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு, நம்பரைப் பார்ப்பதும் பாட்டி பலகையைப் பார்ப்பதுமாக இருந்தான். நான் என் கடைசி என்ஜினைப் பொருத்தி முதல் நம்பரை எடுத்துக்கொண்டேன். அவன் பேட்டரியை நீட்டினான். "ப்ரான்" என்றார் அத்தை.

அந்தப் பேட்டரிதான் ஆட்டத்தை முடித்தது. பறக்கும்போது என் கப்பல்தான் முன்னால். ஆனால் அவசரத்தில் மூன்று இடத்தில் இணைப்பைத் திறந்து விட்டிருந்தேன், ஒவ்வொரு சின்ன விண்கல்லுக்கும் கேடயத்தை எழுப்ப ஒரு பேட்டரி போனது. நட்சத்திரத் தூசிக் கார்டு வேறு வந்தது, அதில் திறந்த இணைப்பு எத்தனையோ அத்தனை நாள் (பாதையில் அத்தனை கட்டம்) பின்வாங்க வேண்டும். நான் பின்னால் போனேன், மகனும் அவனுக்கு அடுத்து அத்தையும் முன்னால் வந்தார்கள். கிரகங்கள் வந்தபோது யார் முன்னால் இருக்கிறாரோ அவர்தான் முதலில் எதில் இறங்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். மஞ்சள், பச்சைச் சரக்கு இருந்த கிரகத்தை மகன் தொடவில்லை, எடுத்திருந்தால் அவனுக்கு நல்ல பணம். அவனுக்குப் பின்னால் அத்தை அங்கே இறங்கி ஏற்றிக்கொண்டார். அதன்பின் பெரிய விண்கல், முன்பக்கத்திலிருந்து. அதைக் கேடயம் தடுக்காது, அதே வரிசையில் முன்னோக்கிய பீரங்கியால் சுட்டால்தான் உண்டு. இரண்டு பகடை, கூட்டுத்தொகை 7. கப்பலின் நடு நெடுவரிசை. இரண்டு பகடையில் 36-க்கு 6 முறை வருவது 7, வேறெந்த எண்ணும் இவ்வளவு வராது; 6, 7, 8 மூன்றையும் சேர்த்தால் 36-க்கு 16. நடுவில் பீரங்கி வைப்பது அதனால்தான். என் நடு வரிசையில் இருந்தது இரட்டைப் பீரங்கி, அது சுடப் பேட்டரி வேண்டும், என் பெட்டி காலி. விண்கல் பட்டு நடு டைல் போனது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த வலதுபக்கம் முழுவதும், இரண்டு சரக்கு அறையோடு, தனியாகக் கழன்று மிதந்தது. அத்தையிடமும் இரட்டைப் பீரங்கிதான். சின்ன விண்கற்களுக்கு ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் வைத்திருந்த பேட்டரி அவரிடம் இருந்தது, பேரன் கொடுத்தது. எடுத்து வைத்துவிட்டு, "சுட்டாச்சு" என்றார்.

நாங்கள் விட்டுவிட்ட இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறக்கும்போது அணிக்குள் பேட்டரியைப் பகிரலாம் என்று ஒருநாள் வைத்தோம். கேடயம் இலவசம் மாதிரி ஆகிவிட்டது, கட்டும்போது யோசிக்க வேண்டியதே குறைந்தது, நீக்கிவிட்டோம். இடப்பக்கத்துக்காரருக்காகக் கப்பல் கட்டிக்கொடுப்பது என்றும் ஒருநாள் ஆடினோம். எல்லாரும் வேண்டுமென்றே மோசமாகக் கட்டினார்கள், ஒரு தடவை சிரிக்க அது சரி, மறுமுறை யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இப்படி. ஆறு அல்லது எட்டுப் பேர் என்றால் இருவருக்கு ஒரு கப்பல், எடுப்பவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர், மணலிலும் கார்டிலும் ஒரு மாற்றமும் இல்லை. நான்கு பேர் என்றால் இரண்டு கப்பல் அணி, குறைந்த பணமே அணியின் பணம், ஒதுக்கியதில் ஒன்றைக் கொடுக்கலாம். மூன்று கப்பல்தான் பறக்கிறது என்றால் சண்டை மண்டலக் கார்டு கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. ஆள் குறைவு, என்ஜின் குறைவு, பீரங்கி குறைவு என்று யார் கடைசியோ அவருக்கு அடி, மூன்று பேரில் கடைசியாவது நான்கு பேரில் கடைசியாவதைவிட எளிது. அதை அப்படியே விட்டுவிட்டோம், பொருத்துபவர்கள் இப்போது ஒரு கேபின் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் எடுத்துப் போட்ட இரண்டு மாற்றமும் அடி விழாமல் பார்த்துக்கொள்ளவோ வேகத்தை அடக்கவோ வந்தவை. நிலைத்த இரண்டும் அடியை அப்படியே விட்டுவிட்டு, அது ஒருவர் தலையில் மட்டும் விழாதபடி செய்தவை. புது விதி யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது இப்போது அதைத்தான்.

ஐந்து பேர் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் முடியவில்லை. பெரிய விரிவாக்கப் பெட்டியில் ஐந்தாவது கப்பல் உண்டு, ஆனால் அத்தை தனியாக ஆட மாட்டேன் என்கிறார், பேரன் இல்லாமலும் ஆட மாட்டேன் என்கிறார். போன வாரம் இரண்டு கப்பலுக்கு இரட்டை ஆள், ஒரு கப்பலுக்கு ஒற்றை ஆள் என்று ஆடிப் பார்த்தோம். ஒற்றை ஆள் மச்சினன். அவன் கடைசிதான். ஒற்றை ஆளுக்கு இரண்டு கையையும் விட்டுவிடலாமா, இல்லை கார்டுக் கட்டில் ஒன்றை ஆரம்பத்திலேயே பார்க்க விடலாமா என்று யோசிக்கிறோம். மகனுக்கு நடந்ததை நினைத்தால் கார்டு வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. வருகிற சனிக்கிழமை மச்சினன் மனைவிக்கு வேலை இருக்கிறது, ஐந்து பேர்தான், இரண்டு கையோடு ஆடச் சொல்லிப் பார்க்கப் போகிறோம்.